சுட்டு வைத்த வெயில்

சூரியன் போய் வெகுநேரமாகியும் தரையில் கிடந்த வெயில் போகவில்லை.

மிரேய் முதலில் அதைக் கவனிக்கவில்லை. மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஏழு வருடத்தில் ஓர் இழுப்பறையில் என்னதான் சேராது? காய்ந்த பேனா, ஒற்றைக் கையுறை, தலைவலி மாத்திரை, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பாதாம் மிட்டாய். எல்லாவற்றையும் குப்பைக்கூடையில் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஹீட்டருக்குப் பக்கத்தில் அந்த வெயில் துண்டு கண்ணில் பட்டது. சாய்வாக, நீளமாக, தேன் நிறத்தில், நடுவே ஜன்னல் சட்டத்தின் நிழலோடு கிடந்தது. அதற்கு மேலே ஜன்னலில் இருட்டு. தெருவிளக்கின் கீழே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பரில் மொன்ட்ரியாலில் நாலு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேறு யாராக இருந்தாலும் அந்த வெயிலை மிதித்துக்கொண்டு போயிருப்பார்கள். வெளிச்சத்தையே பிழைப்பாக வைத்திருப்பவளால் அப்படிப் போக முடியவில்லை. எதிர்க் கட்டடத்தில் வேலை நடக்கிறது, அங்கே ஏதோ பெரிய விளக்கை மாட்டியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியை ஒட்டினாள். எதிர்க் கட்டடம் இருட்டாக இருந்தது. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் வேலை, கணினி விளையாட்டுகளுக்கு வெளிச்சம் போடுவது. விளையாடும்போது நொடிக்கு நொடி ஒவ்வொரு விளக்கின் ஒளியும் எங்கே போகிறது, எதில் பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போட எந்த இயந்திரத்துக்கும் மூச்சு போதாது. அதனால் அந்தக் கணக்கை முன்கூட்டியே, மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்டுவிடுவார்கள். வெயில் தரையில் படுவது, தரையின் சிவப்பு சுவரில் லேசாக ஏறுவது, மேசைக்கடியில் இருட்டு தேங்குவது, எல்லாவற்றையும் கணக்கிட்டு வண்ணம் பூசுவது போலச் சுவரிலும் தரையிலும் ஒட்டிவிடுவார்கள். அந்தத் தொழிலில் இதற்குச் சுடுவது என்று பெயர். சுட்டு முடித்த பிறகு விளக்கும் வேண்டாம், சூரியனும் வேண்டாம். வெளிச்சம் அதுபாட்டுக்கு அங்கேயே கிடக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. சுடும்போது உள்ளே இருக்கிற பொருள் அசையக் கூடாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ‘அசையாதது’ என்று ஒரு கட்டம் உண்டு. தூணுக்கும் மேசைக்கும் அதில் டிக் போட வேண்டும், மனிதர்களுக்குப் போடக் கூடாது. தவறிப்போய் ஒரு மனிதனுக்குப் போட்டுவிட்டால் அவன் நிழலும் சேர்ந்து சுவரில் வெந்துவிடும். பிறகு ஆளையே தூக்கி எறிந்தாலும் நிழல் போகாது. இந்தத் தப்பைச் செய்யாதவர்கள் அந்தத் தொழிலில் கிடையாது.

ஷபனெல் தெருவில் பழைய தையல் ஆலை ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். புதிதாக எதைச் செய்து பார்த்தாலும் அந்த அலுவலகத்திலேயே செய்து பார்ப்பார்கள். அதாவது, தூண், ஹீட்டர், காப்பிக்கறை உட்பட அதை அப்படியே கணினிக்குள் கட்டி வைத்திருந்தார்கள். சோதனை அறை என்று பெயர். கண்ணாடிக் கதவு வரைக்கும் கட்டியிருந்தார்கள். கதவுக்கு வெளியே இருக்கும் லிஃப்ட் நடையை யாரும் கட்டவில்லை, அங்கே யாருக்கு என்ன வேலை? உள்ளே ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை, அவரவர் வழக்கமாக இருக்கிற இடத்தில். வேலையை விட்டுப் போகிறவர் கடைசி நாளன்று தன் பொம்மையைத் தானே எடுக்க வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். பிறகு எல்லாரும் மூலைக் கடைக்குக் குடிக்கப் போவார்கள்.

இன்று மத்தியானம் மிரேயின் முறை. ராத்திரி முழுக்கச் சுட்டு வைத்திருந்த அறையைக் கடைசியாக ஒரு தடவை திறந்து காட்டினாள். வெயில் ஹீட்டர் பக்கம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. பிறகு தன் பொம்மையைத் தட்டி எடுத்தாள். கைதட்டல் அடங்கியதும் பக்கத்து மேசை ஃபாப்ரிஸ் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

“மிரேய், நீ போயிட்ட. உன் நிழல் போகல பாரு.”

தடுப்புச் சுவரில், குனிந்த தலையும் மவுஸில் வைத்த கையுமாக, அவள் நிழல் மட்டும் உட்கார்ந்திருந்தது.

“டிக்கை எடுக்காம சுட்டுட்டேன் போல,” என்றாள்.

“ஏழு வருஷம் அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்காதவ. டிக் போட்டது சரிதான்னு மெஷினே நெனச்சிருக்கும்.” எல்லாரும் சிரித்தார்கள். “நதேஜும் இதே மாதிரிதான் விட்டுட்டுப் போனா. ஃப்ரிட்ஜ் பக்கத்துல இன்னும் நிக்குது பாரு அவ நிழல், கப்பும் கையுமா. அந்த மூலைய மட்டும் நாங்க யாராவது மறுபடி சுட்டோமா? இருந்துட்டுப் போகட்டும்.”

“மறுபடி சுட்டுடவா?”

“ராத்திரி முழுக்க ஓடும். நீ கெளம்புற வழியப் பாரும்மா. நான் பூட்டிட்டேன், இனி ஜனவரியிலதான் தெறக்கணும்.” விடுமுறைக்கு முன்னால் கணினிக் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிடுவது ஃபாப்ரிஸின் பொறுப்பு. “அஞ்சு நிமிஷமாவது கடைக்கு வந்து முகத்தக் காட்டிட்டுப் போ.”

அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது கீழே, அவளோடு வாழும் யானிக் காரோடு நிற்பான். பெட்டி, படுக்கை, பூனை எல்லாம் காரில். தொலைவில் ரிமூஸ்கி என்ற ஊரில் ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு பிடித்திருந்தார்கள். இதற்கு முன்பு இரண்டு தடவை கிளம்புவதாகச் சொல்லி, இந்த விளையாட்டு முடியட்டும், இன்னும் ஒரு மாதம், என்று அவனை இழுத்தடித்திருந்தாள். இந்தத் தடவை அவன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. காலையில் காப்பியைக் கலக்கியபடியே சொன்னான்: “அஞ்சு மணிக்குக் கீழ நிப்பேன். மேல வந்து கூப்புட மாட்டேன். நீ வந்தா ரெண்டு பேரு. வரலன்னா நான் மட்டும்.” அவன் சொன்னால் செய்வான். அவனை இழந்தால் தனக்கு வேறு எதுவுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவோரம் போய் விளக்கை அணைத்தாள்.

சுவிட்ச் சொடுக்கென்றது. தலைக்கு மேலே குழல் விளக்குகள் அணைந்தன. அவற்றின் ரீங்காரம்கூட நின்றது. அறையில் வெளிச்சம் அப்படியே இருந்தது.

மறுபடி போட்டாள். அணைத்தாள். போட்டாள். குழல்கள் வெள்ளையாகின, சாம்பலாகின. தரையும் சுவரும் மேசைகளும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மத்தியான வெளிச்சம், ஹீட்டர் பக்கம் வெயில், தூணின் காலடியில் மெல்லிய இருட்டு. எல்லாம் மூணு மணிக்கு இருந்த மாதிரி.

கதவோர மேசையில் அவளுக்காக வாங்கிய கேக் பாதி தின்ற நிலையில் ஒரு தட்டில் கிடந்தது. தட்டுக்கு அடியில் நிழல் இல்லை. மேசைக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் மிதப்பது போல இருந்தது. இந்தக் கோளாறை அவள் ஆயிரம் தடவை திரையில் பார்த்திருக்கிறாள். சுட்டு முடித்த பிறகு கொண்டுவந்து வைத்த பொருள் இப்படித்தான் மிதக்கும். கேக்கை அவர்கள் கைதட்டி முடித்த பிறகுதான் கொண்டுவந்தார்கள்.

குனிந்து தன் காலைப் பார்த்தாள். பூட்ஸ் இருந்தது. பூட்ஸுக்கு அடியில் தரை சுத்தமாக, வெளிச்சமாக இருந்தது.

மெல்லத் திரும்பினாள். கதவோரத்திலிருந்து பார்த்தால் தூண் அவள் நாற்காலியை மறைக்கும். நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் மட்டும் தெரியும். அந்தச் சுவரில் அவள் உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலை. காதுக்குப் பின்னால் சொருகிய முடி. மவுஸில் கை.

ஹீட்டர் டிக் டிக் என்றது. பீங்கானில் எதையோ தட்டுகிற மாதிரி ஓசை. காற்றில் பழைய காப்பி வாடை.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கு ஆள் வேண்டும். பேசாமல் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வெளியே லிஃப்ட் நடையில் எப்போதும் எரிகிற மஞ்சள் விளக்கு இல்லை. எதுவுமே இல்லை. கையை நீட்டினாள். மணிக்கட்டு வரை கை இருந்தது. அதற்கப்பால் கறுப்பு. இருட்டில் கை மங்கலாகத் தெரியுமே, அப்படி இல்லை. வெட்டி எடுத்த மாதிரி. விரல்களை மடக்கினாள். மடங்கினவா என்று தெரியவில்லை. விரல் நுனியில் ஏதோ பட்டது, கம்பளித் துணி போல. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெளிச்சத்துக்குள் வந்ததும் கை திரும்ப இருந்தது.

யாருடைய கோட்டாவது மாட்டியிருக்கும். நடையில் கோட் மாட்டும் ஆணி இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஓட்டமாக மேசைக்கு வந்து யானிக்கைக் கூப்பிட்டாள்.

“கீழதான் நிக்கறேன்,” என்றான். “பூனை ஊரக் கூட்டுது. சீக்கிரம் எறங்கு.”

“யானிக், என்னால வெளிய வர முடியல.”

காரின் துடைப்பான் இரண்டு தடவை இழுக்கும் சத்தம் கேட்டது.

“வர முடியல,” என்று அவன் திருப்பிச் சொன்னான். “போன வருஷமும் இதேதான் சொன்ன. ஈஸ்டருக்கும் இதேதான்.”

“வேலை இல்லப்பா. வேலையெல்லாம் முடிஞ்சுது. கதவத் தாண்ட முடியல. நீ மேல வந்து என்னைக் கையப் புடிச்சு இழு. கெஞ்சிக் கேக்கறேன்.”

“இழுத்து இழுத்து எனக்கும் கை ஓஞ்சுபோச்சு, மிரேய்.” குரலில் கோபமே இல்லை. “இன்னும் கொஞ்ச நேரம் நிக்கறேன்.” வைத்துவிட்டான்.

கணினியில் சோதனை அறையைத் திறக்கப் பார்த்தாள். பூட்டியிருந்தது. ஃபாப்ரிஸுக்குப் போட்டாள். பாட்டு, கூச்சல், கண்ணாடிக் குவளைகள்.

“எங்க இருக்க நீ? உன் பேர்ல ரெண்டு பாட்டில் காலி.”

“ஃபாப்ரிஸ், பூட்டைத் தெற. அறையை மறுபடி சுடணும்.”

“அடிப்பாவி. வேலைய விட்டப்பறம்தான் வேலை பாக்கத் தோணுதா உனக்கு?”

“என் டிக்கை எடுக்கணும். இப்பவே எடுக்கணும்.”

“நிழல்தானே, இருந்தா என்ன, கடிச்சா திங்கப் போவுது? ஜனவரியில பாத்துக்கலாம்னு சொன்னேன்ல.”

“நதேஜ் இப்ப எங்க இருக்கா?”

“யாருக்குத் தெரியும். வான்கூவர் போறேன்னா. போய்ச் சேந்தேன்னு ஒரு வார்த்தை கிடையாது. தன்னோட விருந்துக்கே வராதவ, உனக்கு ஞாபகம் இல்ல? விளக்க அணைச்சுட்டு வரேன்னு நின்னா. நாம இங்க உக்காந்து கதவையே பாத்துக்கிட்டு இருந்தோம்.” குரலைத் தாழ்த்தினான். “எனக்கு அவ மூஞ்சிகூட மறந்துபோச்சு. கட்டை விரல்ல மோதிரம் போட்டுக்கிட்டு கப்புல தட்டிக்கிட்டே இருப்பாளே, டிக் டிக்னு, அதான் ஞாபகம் இருக்கு. சரி, வா சீக்கிரம்.”

போனை மேசையில் வைத்தாள். டிக் டிக். ஹீட்டர் இந்தப் பக்கம் இருந்தது. சத்தம் சமையல் மூலையிலிருந்து வந்தது.

போகாமல் இருந்திருக்கலாம். போனாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. சுவரில் ஈரம் ஊறிக் கறை படிந்துவிட்டது, இரண்டு தடவை வண்ணம் அடித்தும் மேலே வந்துவிட்டது என்று அதை மறைக்க மாட்டிய பலகை. நாலு வருடமாகத் தினமும் அதற்குக் கீழே நின்றுதான் காப்பி ஊற்றினாள். பலகையின் அடிவிளிம்புக்குக் கீழே கறை இரண்டாகப் பிரிந்து தரை வரை இறங்கியிருந்தது. பலகையைக் கழற்றினாள்.

உச்சிக்கொண்டை. மெலிந்த கழுத்து. உதட்டுக்குப் பாதி வழியில் கோப்பை.

சத்தம் அங்கேயும் இல்லை. இப்போது அது கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து வந்தது. டிக். டிக்.

மிரேய் அறையின் நடுவில் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வெயில் நகர்ந்தால்தானே நேரம் தெரியும். ரிமூஸ்கி வீட்டின் மஞ்சள் கதவை நினைத்துக்கொண்டாள். பூனையை நினைத்துக்கொண்டாள். அப்போது லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது.

வந்துவிட்டான். வரமாட்டேன் என்று சொல்லியும் வந்துவிட்டான்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முதல் மாடி. இரண்டு. அவன் கதவு வரைக்கும் வந்துவிட்டு மனசு மாறித் திரும்பிவிட்டால்? அந்த நினைப்பு வந்ததுமே அவளால் நிற்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓடி, கதவைத் தாண்டி, அந்தக் கறுப்புக்குள் முழு உடம்பையும் போட்டாள்.

கால் தரையில் பட்டது. விழவில்லை. கீழே பார்த்தாள். கோட் இல்லை, பூட்ஸ் இல்லை, வயிறு இல்லை. வெளிச்சம் விழாத இடத்தில் தான் இருக்கிறோமா என்று யாரைக் கேட்பது?

லிஃப்ட் திறந்தது. யானிக் வந்தான். அவன்மேல் மட்டும் எங்கிருந்தோ வெளிச்சம் இருந்தது. தொப்பியில் பனி. மீசையில் ஈரம். நேராக அவளைப் பார்த்து நடந்து வந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் வாயை விட்டு வெளியே வரவில்லை. அவள் தோளை உரசிக்கொண்டு போனான். நனைந்த கம்பளி வாசனை. மூக்கு உறிஞ்சும் சத்தம். அவ்வளவு கிட்டத்தில்.

கண்ணாடிக் கதவில் நின்றான். உள்ளே பார்த்தான். மற்றவர்களுக்கு வெளிச்சம் வெளிச்சம்தான், அது எங்கிருந்து வருகிறது என்று யார் யோசிக்கிறார்கள்? தூணுக்குப் பின்னால் நாற்காலி மறைந்திருந்தது. சுவரில் குனிந்த தலை.

“உக்காந்துக்கிட்டுதான் இருக்க,” என்றான்.

உள்ளே போய்விட வேண்டும். ஒரே அடி. உள்ளே போனால் தெரிவேன். வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில், ஒரே ஓர் அடி.

காலைத் தூக்கினாள். அவள் கையை ஒரு கை பிடித்தது.

சில்லென்ற கை. கம்பளிச் சட்டைக் கை. விரல்கள் ஒவ்வொன்றாக அவள் விரல்களுக்கு நடுவே நுழைந்தன.

யானிக் போனை எடுத்து அழுத்தினான். அவள் மேசையில் போன் அடித்தது. சுவரில் இருந்த நிழலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் அடித்தது. அவன் அந்த நிழலின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை மவுஸை விடவில்லை. தலை நிமிரவில்லை.

“திரும்பியாவது பாரேன்,” என்றான். “திரும்பி, போடான்னு சொல்லு. போயிடறேன்.”

இழுத்தாள். உதறினாள். கடித்தாள், பல் எதில் பட்டது என்று தெரியவில்லை. கை விடவில்லை.

போன் அடித்து ஓய்ந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். புது வீட்டின் இரண்டாவது சாவி. கதவோர மேசையில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். திரும்பவும் அவள் தோளை உரசிக்கொண்டு நடந்தான். கன்னத்தில் ஈரம் மின்னியது. பனியாக இருக்கலாம்.

லிஃப்ட் மூடியது. இரண்டு. ஒன்று.

கண்ணாடிக்கு அப்பால் அறை பளிச்சென்று இருந்தது. ஹீட்டர் பக்கம் வெயில். மேசையில் நிழலில்லாத சாவி, ஒரு விரற்கடை மேலே. தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி. ஃப்ரிட்ஜ் பக்கம் நிற்கிற ஒருத்தி.

தெருவில் கார் கிளம்பும் சத்தம்.

அவள் விரல்களைக் கோத்திருந்த கை மெல்ல இறுகியது. கட்டை விரலில் ஒரு மோதிரம். அது அவள் புறங்கையில், அவசரமே இல்லாமல், தட்டத் தொடங்கியது.